பின் அறைக்கு ஒரு தடித்த ஒயர்

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை. அதற்குள் அவர் தினமும் சாயங்காலம் காணாமல் போய்க்கொண்டிருந்தார்.

தேநீர் குடித்த கையோடு டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பார். "சும்மா ஒரு நடை போயிட்டு வந்துடறேங்க" என்று செருப்பை மாட்டுவார். திரும்பி வரும்போது தெருவிளக்கெல்லாம் எரிந்துகொண்டிருக்கும். நடந்து வந்தவர் மாதிரி மூச்சு வாங்காது, வியர்த்திருக்காது. முகம் மட்டும் யாரோ நெருங்கிய உறவினரைப் பார்த்துவிட்டு வந்ததுபோல் மலர்ந்திருக்கும். அந்த மலர்ச்சிதான் அவளை அரித்தது.

அவளுக்குத் தையல் தொழில். புதுத்துணி தைப்பதைவிடப் பழையதைச் சரிசெய்து கொடுப்பதில்தான் பேர் வாங்கியவள். பேண்டைப் பிடித்துத் தைக்க, சட்டையைத் தளர்த்தி விட, கோட்டுக்கு உள்துணி மாற்ற என்று அந்த வட்டாரமே அவளிடம்தான் வரும். யாருக்குத் தொப்பை போட்டது, யாருக்குக் கரைந்தது என்பதெல்லாம் வீட்டுக்காரர்களுக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். கட்டிக்கொண்ட மனுஷன் மனசின் அளவுதான் இன்னும் பிடிபடவில்லை.

அவர் வாழ்நாளில் பெரும்பகுதி நெடுந்தூர லாரி ஓட்டியவர். லாரியே வீடு, லாரியே வாசல் என்று இருந்ததில் கல்யாணத்துக்கு நேரமே அமையவில்லை. ஒரு மழைக்காலத்தில் ஜாக்கெட்டுக்கு ஜிப் மாற்ற அவள் வீட்டுப் படியேறினார். அதற்கப்புறம் அந்த ஜாக்கெட்டில் எந்த ஜிப்பும் நிலைத்து நிற்கவில்லை. மாசத்துக்கு ஒரு தடவை பிய்ந்துகொண்டே இருந்தது. கடைசியில் அவளுடைய மகள்தான், "அம்மா, அந்த ஜிப்பை அவர் கையாலதான் பிச்சுட்டு வர்றாரு. உனக்குப் புரியலையா?" என்று கேட்டு, இருவருக்கும் பேசி முடித்தாள். அவள் விதவையாகி வெகுகாலம் ஆகியிருந்தது. முதுகு வலி தாங்காமல் அவரும் லாரியை விற்றிருந்தார். இரண்டு பேரும் நடுவயதைத் தாண்டியவர்கள் என்பதால் 'நீங்க', 'வாங்க' என்ற மரியாதை கல்யாணத்துக்குப் பிறகும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

இப்படிப்பட்ட மனுஷன் எங்கே போகிறார்? கேட்கவும் கூச்சம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. ஒரு நாள் ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டு, முக்காடு போட்டுக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். தெருக்கோடியில் சந்தை கூடும் மைதானம் இருந்தது. சந்தை இல்லாத நாட்களில் அங்கே ஈ காக்கை இருக்காது. வீட்டில் நிறுத்த இடமில்லாததால் அவருடைய பழைய கார் அதன் நடுவில் நின்றிருந்தது. அவர் உள்ளே உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து, தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவள் மைதானத்தைக் குறுக்கே கடந்தாள். போய்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"ஐயோ, நீங்களா? எதுக்குங்க இவ்வளவு தூரம்?"

"அதைத்தான் நானும் கேக்கலாம்னு வந்தேன். யார்கூட இவ்வளவு சிரிப்பு?"

அவர் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே ஏறி உட்கார்ந்ததும்தான் அவளுக்குச் சத்தம் கேட்டது. காரின் முன்பக்கத்தில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு ரேடியோ. அதிலிருந்து ஒரு ஆள் கத்திக்கொண்டிருந்தான்.

"மலைப்பாதை முழுக்கப் பனிமூட்டம். கையை நீட்டினா கை தெரியல. பின்னாடி வர்றவங்க பாத்து வாங்கப்பா. அவசரப்பட்டு யாரும் சொர்க்கத்துக்கு முன்பதிவு பண்ண வேணாம்."

"நன்றி கொசு அண்ணா, நீங்களும் பாத்துப் போங்க" என்றாள் ரேடியோவில் ஒரு பெண்.

"கொசுவா?" என்றாள் இவள்.

"சின்ன உடம்புங்க. வாயைத் திறந்தான்னா காதை விட்டுப் போகமாட்டான். அதான் அந்தப் பேரு." அவர் சங்கடமாகத் தலையைச் சொறிந்தார். "இது லாரிக்காரங்களுக்குன்னே இருக்கிற சேனல். செயற்கைக்கோள்ல வருது. அவங்கவங்க எங்கே இருக்காங்க, ரோடு எப்படி இருக்கு, எங்கே சாப்பாடு நல்லா இருக்குன்னு நிலையத்துக்குப் போன் பண்ணிச் சொல்வாங்க. லாரியை வித்தப்போ இதை மட்டும் கழட்டிக் கார்ல வெச்சுக்கிட்டேன்."

"போன்ல கேக்க முடியாதா?"

"இது போன்ல வராதுங்க. இந்தப் பெட்டியிலதான் வரும்."

அதற்குள் கொசுவின் குரல் மறுபடி வந்தது. "அது இருக்கட்டும், நம்ம ஆமை அண்ணன் எங்கே? ஆளைக் காணவே காணோமே! கல்யாணம் ஆனதும் ஓட்டுக்குள்ள தலையை இழுத்துக்கிட்டாரு போல. அண்ணன் கேட்டுட்டு இருந்தா, அண்ணியைக் கேட்டதா சொல்லுங்கண்ணே!"

அவள் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஸ்டியரிங்கை இதற்குமுன் பார்த்தே இராதவர் போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமை யாருங்க?"

"நான் எப்பவும் கொஞ்சம் நிதானமா ஓட்டுவேன்" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் மனசுக்குள் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் அந்தச் சிரிப்போடு இறங்கியது. ஆனாலும் ஒன்றை மட்டும் கேட்டுவிடவேண்டும் என்று தோன்றியது.

"மறுபடி வண்டி எடுக்கணும்னு ஆசையா இருக்கா? உள்ளதைச் சொல்லுங்க."

"சத்தியமா இல்லைங்க. ஓட்டினது போதும். யார் எங்கே இருக்காங்கன்னு தெரிஞ்சா ஒரு நிம்மதி. அவ்வளவுதான்."

"அப்போ வீட்ல உக்காந்து கேக்கறதுக்கு என்ன?"

"வந்த புதுசுலயே பின் ரூம்ல வெச்சுப் பாத்தேன். இது வானத்தைப் பாத்தாத்தான் பேசும். அங்கே பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியுது. முன் ரூமுக்கு மேல பால்கனி மறைக்குது. விடுங்க, கார்ல கேட்டா என்ன குறைஞ்சு போச்சு?"

வீடு வாசல் இருக்கிற மனுஷன், பஸ் தவறவிட்டவர் மாதிரி ஒரு மைதானத்தில் உட்கார்ந்து சிரிப்பது அவளுக்கு ஒப்பவில்லை. அதுவும் அவள் தைத்துக்கொண்டிருக்கும் பின் அறையை விட்டுவிட்டு. பகலெல்லாம் அவர் அங்கேதான் ஒரு முக்காலியில் உட்கார்ந்து பட்டன்களை நிறம் பிரித்துக்கொண்டிருப்பார்.

"மொட்டை மாடியில ஆன்டெனாவை வெச்சு ஒயரைக் கீழே இழுத்துடலாம்" என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

மறுநாளே அவர் ஒரு மெல்லிய நீட்டிப்பு ஒயர் வாங்கி வந்தார். காதுக்கம்பி போல ஒல்லியான ஒயர். உள்ளங்கையளவு ஆன்டெனாவை மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்து, ஒயரை வெளிப்புறமாக இறக்கி, பின் அறை ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே கொண்டுவந்தார். சுவரில் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. காரிலிருந்து கழற்றி வந்த ரேடியோவைப் போட்டதும் ஒரு 'கர்' சத்தம்கூட இல்லை. சிக்னலைக் காட்டும் கோடு ஒன்று எட்டிப் பார்த்தது; அப்புறம் அதுவும் படுத்துவிட்டது.

மேல் வீட்டில் இருந்த மகள் இறங்கி வந்து பார்த்தாள். அவள் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளர். எதிலும் கை வைக்காமல் இருக்க முடியாத சுபாவம்.

"எங்கிட்ட பழைய டிவி கேபிள் சுருள் சுருளா கிடக்கு அங்கிள். அதை மாட்டிடலாம்" என்றாள்.

மாட்டிப் பார்த்தார்கள். முனைகள் பொருந்தவில்லை. எங்கிருந்தோ ஒரு மாற்று முனையைத் தேடிப்பிடித்துப் பொருத்தியதும், 'ஆன்டெனா இல்லை' என்று ரேடியோ முகத்தில் அடித்தாற்போல் எழுதிக் காட்டியது.

"மாடியில குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கு, இல்லைங்குதே!" என்று மகள் அதோடு சண்டைக்குப் போனாள். அவர் ஒயரைப் பதவிசாகச் சுருட்டத் தொடங்கினார். சாயங்காலம் ரேடியோவைக் கையில் எடுத்து, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், மனசு கேட்கவில்லை.

காலையில் இரண்டு ஒயர்களையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு, கடைத்தெருவில் ஒயர் கடை வைத்திருந்த ஒரு அம்மாளிடம் போனாள். அந்தக் கடையில் ஒயர்ச் சுருள்கள் தரையிலிருந்து கூரை வரை அடுக்கியிருந்தன. கடைக்காரம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அவள் கொண்டுவந்த ஒயர்களைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"வீட்டுக்குள்ள எவ்வளவு தூரம் வருது?"

"மொட்டை மாடியில இருந்து கீழ் வீட்டுப் பின் ரூம் வரைக்கும்."

"அதான் விஷயம். வானத்துல இருந்து வர்ற சிக்னல் ரொம்ப நோஞ்சான். ஒயர்ல நடக்க நடக்க அது தேஞ்சுக்கிட்டே வரும். மெல்லிசு ஒயர்ல சீக்கிரம் தேஞ்சுடும். ஜன்னல்கிட்டயே ரேடியோ இருந்தா இது போதும். உங்க வீட்டுத் தூரத்துக்குத் தாங்காது."

"அப்போ இந்த டிவி ஒயர்? இது தடியாத்தானே இருக்கு?"

"பாக்க அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். ரெண்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது." கடைக்காரம்மா உள்ளே போய் விரல் பருமனில் ஒரு கறுப்பு ஒயரை எடுத்துவந்து மேசைமேல் போட்டாள். "இந்த ரேடியோவுக்கு இதுதான் சரி. உள்ளே இருக்கிற செம்பும் தடி, சுத்தியிருக்கிற வலையும் நெருக்கம். சிக்னல் அவ்வளவா கசியாது. ஆனா ஒண்ணு, இதுக்குக் கொஞ்சம் வீம்பு ஜாஸ்தி. கழுத்தை ஒடிச்சு மடக்கினீங்கன்னா வேலை செய்யாது. ஜன்னல் இடுக்குல வெச்சு நசுக்கக்கூடாது. சுவர்ல துளை போட்டுத்தான் கொண்டுபோகணும்."

"இவ்வளவு தடி ஒயரு அந்தச் சின்ன ரேடியோவுல எப்படி நுழையும்?"

"கடைசியில ஒரு சாண் மெல்லிசு ஒயர் ஒட்டுப் போட்டுத் தர்றேன். அந்த ஒரு சாண்ல ஒண்ணும் குடிமுழுகாது. நீங்க சரியான அளவு மட்டும் எடுத்துட்டு வாங்க. தேவைக்கு மேல வாங்கிச் சுருட்டி வெச்சாலும் சிக்னல்தான் வீணாகும்."

அளவு எடுப்பது அவளுக்குச் சொல்லித்தர வேண்டிய வேலையா? மொட்டை மாடிக்குப் போய், தடித்த நூல்கண்டு ஒன்றின் முனையில் கத்திரிக்கோலைக் கட்டித் தொங்கவிட்டாள். கீழே அவர் அதைப் பிடித்துப் பின் அறைச் சுவரோடு சேர்த்து வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"போதும், போதும்! அங்கேயே நிறுத்துங்க!"

அவள் நூலில் முடிச்சுப் போட்டாள். இறங்கி வந்து, அவரைப் பின் அறைக்குள் அழைத்துப் போய், "இதோ, இந்த இடத்துல துளை போட்டா நேரா உள்ள வந்துடும்" என்று சுவரைத் தொட்டுக் காட்டினாள்.

அவர் முகம் சுண்டிப் போனது.

"சுவர்லயா?"

"வேற எங்கே?"

"வேணாங்க. அந்த மெல்லிசு ஒயரையே ஏதாவது பண்ணிப் பாக்கலாம். இல்லைன்னா இருக்கவே இருக்கு காரு."

"மெல்லிசு ஒயர் சரிப்படாதுன்னு அந்தம்மா அவ்வளவு விளக்கமா சொல்லிட்டாங்களே."

"எனக்கும் அது தெரியும்" என்றார் அவர். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் நூல்கண்டைக் கீழே வைத்தாள். "தெரியுமா? தெரிஞ்சேவா அதை வாங்கிட்டு வந்தீங்க?"

 அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"லாரியில எத்தனை தடவை ஆன்டெனா மாத்தியிருப்பேன், தெரியாம இருக்குமா? மெல்லிசு ஒயர்னா இடுக்குல நுழைச்சிடலாம், அதான் வாங்கினேன். இந்த ரூமை அவரு ஒத்தை ஆளாக் கட்டினாருன்னு நீங்க சொல்லியிருக்கீங்க. அந்த மனுஷன் ஒவ்வொரு கல்லா வெச்சுக் கட்டின சுவர். இருக்க இடம் கொடுத்ததே பெரிசு. அதுல நான் வந்து, ரேடியோ கேக்கறதுக்கு ஒரு ஓட்டை போடறதா? மனசு வரலைங்க."

அவளுடைய முதல் கணவர் கொத்தனார். இந்தப் பின் அறையை அவர்தான் லீவு நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி முடித்தார். அதை ஏதோ பேச்சுவாக்கில் எப்போதோ சொன்னது. அதை இந்த மனுஷன் மனசில் வாங்கி, இத்தனை நாளும் அந்த அறைக்குள் கால் மடக்கி, தோள் குறுக்கி, எதிலும் இடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. 

மாடிப்படியில் நின்றிருந்த மகள் அத்தனையும் கேட்டுவிட்டாள்.  விடுவிடுவென்று உள்ளே வந்து, நூல்கண்டுகள் அடுக்கியிருந்த மர அலமாரியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

"அங்கிள், அந்தப் பக்கம் பிடிங்க. முதுகு பத்திரம். அம்மா, நீயும் வா."

மூவருமாக அலமாரியை நகர்த்தினார்கள். பின்னால் இருந்த சுவரை அவர் குனிந்து பார்த்தார். அம்மை வார்த்த முகம் போல இருந்தது அது. சிமெண்ட் வைத்து அடைத்த துளைகள், அடைக்காத துளைகள், ஒன்றுக்கு மேல் ஒன்றாகத் துளைத்து அப்படியே விட்டவை.

"இதெல்லாம் எங்கப்பா போட்டது" என்றாள் மகள். "சுவர் கட்டுறதுல புலி. அலமாரி மாட்டுறதுல பூனை. ஒரு தடவைகூட நேரா மாட்டினது கிடையாது. கோணலாயிடும், கழட்டுவாரு, பக்கத்துல இன்னொண்ணு போடுவாரு. அம்மா வந்து கேட்டா, 'சுவருக்குக் காத்து வேணாமா?'ம்பாரு."

"கடைசியில நான்தான் அலமாரியைத் தரையிலேயே நிக்க வெச்சு எல்லாத்தையும் மறைச்சேன்" என்றாள் அவள். கண்ணில் நீர் முட்டி நின்றாலும் குரலில் சிரிப்பு இருந்தது. "இந்தச் சுவரு எப்பவோ சல்லடையாயிடுச்சுங்க. உங்க ஓட்டை ஒண்ணு கூடினா அவர் ஒண்ணும் கோவிச்சுக்கமாட்டாரு. கம்பெனி கிடைச்சுதுன்னு சந்தோஷப்படுவாரு."

"அதுவும் இல்லாம" என்றாள் மகள், "இருக்க இடம் கொடுத்தோம்னெல்லாம் இனிமே பேசாதீங்க அங்கிள். எனக்குக் கெட்ட கோபம் வரும். இது உங்க வீடு."

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கனைத்துக்கொண்டு, "துளைக்கிற மிஷின் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

தடித்த ஒயர் வந்த அன்று வீடே ஒரு திருநாள் போல அமர்க்களப்பட்டது. மகள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, தூசி உறிஞ்சும் மிஷினின் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒருத்தர் துளை போட, பக்கத்துல நின்னு உறிஞ்சறதுதான் என் தொழிலே. ஆரம்பிங்க. வலிச்சா இடது கையைத் தூக்குங்க" என்றாள். அவர் சுவரில் பென்சிலால் குறி வைத்தார். உள்ளே மேடாகவும் வெளியே தாழ்வாகவும் இருக்கும்படி மிஷினைச் சற்றே சாய்த்துப் பிடித்தார். அப்போதுதான் மழைத்தண்ணீர் உள்ளே வராதாம். அவள் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள்.

"தள்ளி நில்லும்மா, கண்ணுல தூசி விழும்" என்றார் அவர்.

மிஷின் சத்தத்தில் அவருக்கே அது கேட்டிருக்காது. அவளுக்குக் கேட்டது. 'நில்லும்மா' என்றிருக்கிறார். 'நில்லுங்க' இல்லை. அவள் ஒரு அடி தள்ளி நின்று, சூடான கன்னத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

துளை மறுபக்கம் வெளிச்சத்தைத் தொட்டது. ஒயரை மாடியிலிருந்து மெதுவாக இறக்கினார்கள். மடங்காமல், முறுக்கிக்கொள்ளாமல், சுவரில் நுழைவதற்கு முன்னால் ஒரு சின்னத் தொட்டில் போல் தொங்கவிட்டு உள்ளே வாங்கினார் அவர். மழை பெய்தால் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும் என்றார். வெளி இணைப்பின்மேல் ரப்பர் நாடாவை இழுத்து இழுத்துச் சுற்றினார். கடைசி ஒரு சாண் மெல்லிய ஒயரை ரேடியோவில் செருகினார். 

சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. அறைக்குள் கொசு திடீரென்று கத்தினான்.

"...யாரோ ஒரு புண்ணியவான் ரோட்டு நடுவுல சோபாவைப் போட்டுட்டுப் போயிருக்கான்பா! உக்காந்து டீ குடிக்கிறவங்க குடிச்சுக்கலாம்!"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் முழங்காலில் தேய்த்துக்கொண்டே இருந்தார். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் டம்ளரை இறக்காமல் குடித்து முடித்தார்.

அன்றைக்கே அவள் விடாப்பிடியாக அவரைப் போன் பண்ண வைத்தாள். "ஆமை பேசறேன்" என்று அவர் ஆரம்பித்ததும் அந்தப் பக்கம் லைனில் இருந்த லாரிக்காரர்கள் போட்ட கூச்சலில் அறிவிப்பாளர்ப் பெண்ணே திணறிப் போனாள். கொசு தழுதழுத்துவிட்டு, "சளிப்பா, சளி" என்று சமாளித்தான்.

அதற்குப் பிறகு அவர் சாயங்காலங்களில் எங்கும் போகவில்லை. முக்காலி போய் ஒரு நல்ல நாற்காலி வந்தது. காலை நீட்டி உட்காரப் பழகிக்கொண்டார். ரேடியோ பேசிக்கொண்டிருக்க, அவர் அவளுக்குப் பழைய தையலைப் பிரித்துக் கொடுப்பார். ஒலியைக் கூட்டுவது குறைப்பது பற்றி இருவருக்கும் தினமும் ஒரு சின்னத் தகராறு நடக்கும். "கொசுவை நீங்களே கட்டிக்கிட்டிருக்கலாம்" என்பாள் அவள். "அவன் ஜிப் தைக்கமாட்டானே" என்பார் அவர்.

குளிர் இறுகிய ஒரு மத்தியானம் அவர் முதுகுக்கு மருந்து வாங்கப் போயிருந்தார். அவள் ஒரு தடித்த கோட்டுக்குக் கை குறுக்கிக்கொண்டிருந்தாள். வேலை ஓடவில்லை. காலையில் ரேடியோவில் லாரி ஓட்டும் பெண் ஒருத்தி பேசியிருந்தாள். புதுசாக ஓட்ட வந்தவள் போலிருக்கிறது. மலைப்பாதையில் தனியாக ஏறிக்கொண்டிருக்கிறேன், பிரேக் ஒரு மாதிரி சத்தம் போடுகிறது என்று சொன்னவளின் குரல் இவள் காதிலேயே நின்றது. ஊசி இரண்டு தரம் விரலில் குத்திவிட்டது. கடைசியில் எழுந்து போய், அவர் எப்படித் திருகுவார் என்று நினைவுபடுத்திப் பார்த்து, தானே ரேடியோவைப் போட்டாள். பக்கத்திலேயே நின்று கேட்டாள்.

அவர் தெருக்கதவைத் திறந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடிவந்தாள்.

"என்னங்க, அந்தப் பொண்ணு மலையை விட்டு இறங்கிட்டா! கொசு பின்னாடியே போயிருக்கான். மெக்கானிக் கிடைச்சுட்டானாம். வண்டியை ஓரம் கட்டிட்டுச் சாப்பிட உக்காந்துட்டா."

அவர் மருந்துப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தார்.

"நல்லா சாப்பிட்டாளாமா?"

"அதைச் சொல்லலை" என்றாள் அவள் கவலையோடு. "இருங்க, அடுத்த தடவை பேசும்போது சொல்வாங்க. உள்ள வந்து உக்காருங்க."